ஆட்சேபணை இல்லை

நெய்வேலி
2.6.2024

அன்புத் தம்பி சிலம்பரசனுக்கு,

அக்கா மலர்கொடி எழுதுகிறேன். நீ மஸ்கட் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் விழவே இல்லை. அங்கே அப்படித்தான் என்கிறார் மாமா. ஐந்து வருஷம் அங்கே வேலை செய்தவர், அவருக்குத் தெரியாததா? போனில் சொன்னால் மறந்துவிடுவான், எழுதிக் கொடு என்றார். பஜாரில் அத்தர் கடை வைத்திருக்கும் சாதிக் அலி நாளை அங்கே வருகிறார். அவர் கையில் தருகிறேன்.

பாஸ்போர்ட்டைக் கம்பெனியில் கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடாதே. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வை. ரெசிடென்ட் கார்டு வந்ததும் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம். போர்மேன் தெரியாத மாதிரி நிற்பான். நீயாக இறங்கி நிழலுக்கு வா. யார் பார்சல் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. படிக்கத் தெரியாத எதிலும் கையெழுத்துப் போடாதே.

இந்தியத் தூதரகம் எங்கே, ரூவி பஸ் நிலையத்திலிருந்து எந்த பஸ் என்று முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள். வெள்ளி, சனி மூடியிருக்கும். மேற்படி விஷயத்தை அசட்டை செய்ய வேண்டாம்.

வளையமாதேவியில் சுரங்கத்துக்கு எடுத்த அப்பா நிலத்தில் போன வாரம் இயந்திரம் இறங்கிவிட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்புடன்,
மலர்கொடி


மஸ்கட்
28.6.2024

அக்காவுக்கு,

கடிதமும் முறுக்கும் வந்தன. முறுக்கில் பாதியை சாதிக் அலி வழியிலேயே முடித்துவிட்டார்.

நீ சொன்னபடி மதியம் சாரத்திலிருந்து இறங்கினேன். போர்மேன் திருநெல்வேலிக்காரன். "ஏல நெய்வேலி, உங்கூர்ல இப்படித்தான் ஷிப்டு பாப்பியளோ?" என்றான். சட்டத்தைச் சொன்னேன். முறைத்துவிட்டுப் போனான். மறுநாள் பன்னிரண்டு பேர் இறங்கினோம். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் உன் கடிதம் தாமதம். ஏர்போர்ட்டிலிருந்து ஏற்றிவந்த வேனிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அது நீ எழுதியதா? "மேற்படி", "அசட்டை செய்ய வேண்டாம்" என்றெல்லாம் நீ பேசி நான் கேட்டதில்லை. தின்றாயா, தூங்கினாயா என்று ஒரு வரி இல்லை. ஒரு திட்டு இல்லை. ஆஸ்பத்திரி எங்கே என்று சொல்லாமல் தூதரகத்துக்கு பஸ் சொல்கிறாய். எதற்கு?

நிலத்துக்கு ஈடாக வீட்டில் ஒருவருக்கு வேலை தருகிறார்களே, அந்தப் பட்டியல் என்ன ஆயிற்று? அப்பா உயிரோடு இருந்தபோது என் பேரைத்தான் எழுதிக் கொடுத்தார். நான்கு வருஷம் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வாரினேன். அந்தப் பெர்மனென்ட் ஒருநாள் வரும் என்றுதான் வாரினேன். அது வரும்வரை சும்மா இருப்பானேன் என்று மாமா சொல்லித்தான் இங்கே வந்தேன். இப்போது ஒருவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சிலம்பு


நெய்வேலி
19.7.2024

சந்தேகம் பிடித்தவனே,

தின்றாயா, தூங்கினாயா? தலைக்கு எண்ணெய் வைத்தாயா, எருமை? போதுமா?

போன கடிதம் மாமா சொல்லச் சொல்ல எழுதியது. அதில் என்ன தப்பு? இது நானே எழுதுவது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பட்டியல் ஆகஸ்ட் 31-இல் முடிகிறதாம். ஆள் ஊரில் இல்லாததால் உன் கையெழுத்து ஒன்று கேட்கிறார்கள். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ வெளிநாட்டில் இருக்கிறாய் என்று காட்டுவதற்குத்தான், வேறொன்றும் இல்லை. கார்டு விஷயம் என்று சொல்லிக் கம்பெனியில் ஒருநாளைக்குப் பாஸ்போர்ட் கேள், தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள். காலையில் முதல் ஆளாகத் தூதரகத்துக்குப் போய் டோக்கன் எடு. அதிகாரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும், முன்கூட்டியே போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கண்டவனிடம் காட்டிக்கொண்டு இருக்காதே. ஒவ்வொருவன் ஒவ்வொன்று சொல்லிக் குழப்புவான்.

அக்கா உனக்குக் கெடுதல் செய்வேனா?

மலர்கொடி


மஸ்கட்
9.8.2024

அக்கா,

இதை சாதிக் அலியிடம் தரவில்லை. அவர் மாமாவோடு உட்கார்ந்து டீ குடிக்கிறவர். பக்கத்துக் கட்டில் சுல்தான் அண்ணன் குறிஞ்சிப்பாடிக்காரர், லீவில் வருகிறார். நீ பெருக்குகிற விருந்தினர் விடுதி வாசலுக்கே வந்து உன் கையில் தருவார்.

இங்கிலீஷில் இருந்த அந்தக் காகிதத்தையும் அவரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்தார். "தம்பி, எனக்கு வேல வேணாம்னு நீயே சொல்லிக்கினு கீற மாதிரி இதுல எழுதிக்கிது" என்றார். அந்த வேலையை அக்காள் கணவர் சுதாகருக்கு, அதாவது நம் மாமாவுக்கு, தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லையாம். பின்னால் எந்தக் கோர்ட்டுக்கும் போக மாட்டேனாம்.

விசா ஏன் மே மாதமே அத்தனை அவசரமாக வந்தது என்று இப்போது புரிகிறது. இரண்டு வருஷ ஒப்பந்தம். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். 31-ஆம் தேதிக்குள் என்னால் வர முடியாது என்று மாமாவுக்கு நன்றாகத் தெரியும். அவரும் இதே ஊரில் இதே மாதிரி மாட்டிக்கொண்டு கிடந்தவர்தானே. நிலத்தைத் தோண்டியாகிவிட்டது. மிஞ்சியது இந்த ஒரு வேலை. அதையும் வீட்டுக்குள்ளிருந்தே பிடுங்குகிறார்.

உன்மேல் கோபம் இல்லை. உனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் கொடுத்ததை உறையில் போட்டு ஒட்டியிருப்பாய்.

நான் போட்டது வேறு காகிதம். நீ சொன்னபடி ஒருநாளைக்குப் பாஸ்போர்ட் கேட்டு வாங்கி, ரூவியில் டைப் அடித்துத் தூதரகத்தில் முத்திரை வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். சுதாகர் என்று இருந்த இடத்தில் மலர்கொடி என்று இருக்கிறது. அது உனக்கும் அப்பா நிலம்தான். ஒன்பது வருஷமாக அந்த டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் பெருக்குகிறாய். உன் பேர் ஒருவனுக்கும் ஞாபகம் வரவில்லை. டைப்பிங் கடையில் உட்காரும்வரை எனக்கும் வரவில்லை.

நீயே போய்க் கொடு. மாமா கைக்குப் போகக் கூடாது.

சிலம்பு


நெய்வேலி
24.8.2024

சிலம்பு,

சுல்தான் அண்ணன் வந்து கொடுத்தார். வியாழக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நிலம் எடுத்தவர்கள் ஆபீசுக்குப் போனேன். வரிசையில் பொம்பளை நான் ஒருத்திதான். மேசையில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வூட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார். இது என் பேருக்கு என்றேன். பின்னால் நின்ற ஒருவர், "சுரங்கத்துல டம்பர் லாரி ஓட்டுவியா நீ?" என்றார். சிரித்தார்கள்.

"வந்து தங்குற ஆபீசருங்க கக்கூச ஒம்போது வருசமா கழுவிக்கினு கீறன். டம்பர் அதவிட நாறுமா?" என்று கேட்டேன். காகிதத்தைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன். மாமா கத்தவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாளாக அதையேதான் கேட்கிறார். உன்னைச் சந்தேகப்படுகிறார், சுல்தான் அண்ணனை, என்னோடு பெருக்குகிற தனபாக்கியத்தை, சாதிக் அலியைக்கூட. அவரோடு இப்போது டீ குடிப்பதில்லை. என்னைச் சந்தேகப்பட மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

உனக்கும் தோன்றவில்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மாமா தயங்கினார், பையன் கண்டுபிடித்துவிடுவான் என்றார். "நான் எழுதனா போடுவான்" என்று சொன்னது நான். விசாவை மே மாதத்துக்கே முடிக்கச் சொல்லி அவரை விரட்டியதும் நான். உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கை கால் இருக்கிறது, எங்கேயும் பிழைப்பாய். எனக்கு இரண்டு பிள்ளைகள். எங்கள் இரண்டு பேருடைய கான்ட்ராக்டும் எந்த மாதமும் போகும். வீட்டுக்குள் ஒரு பெர்மனென்ட் வந்தால் போதும், யார் பேரில் வந்தால் என்ன என்று நினைத்தேன். என் பேரில் வரலாம் என்று எனக்கே தோன்றவில்லை, அது வேறு.

நீ என்னை ஒன்றும் தெரியாதவள் என்று வைத்து மன்னித்திருக்கிறாய். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

ஆபீசில் இன்னொன்றும் சொன்னார்கள். அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அப்பா பேர் எழுதிக் கொடுத்த வாரிசு ஆட்சேபணை எழுதினால், அவர் ஊர் திரும்பும்வரை கோப்பை நிறுத்தி வைப்பார்களாம். வேலை போய்விடாது. அப்படியானால் அது உனக்குத்தான்.

எழுதுவதென்றால் தமிழிலேயே எழுது, ஏற்றுக்கொள்வார்கள், கேட்டுவிட்டேன். அக்கா என்னிடம் உண்மையை மறைத்ததால் என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுது. மழுப்பாதே, மழுப்பினால் எடுபடாது. தூதரக முத்திரை வாங்கு. உன் கார்டு நகலை இணை. ஒப்புகைச் சீட்டின் எண் 417, அதை மேலேயே குறிப்பிடு. யார் கையிலும் கொடுத்தனுப்பாதே, என் விலாசத்துக்கும் வேண்டாம். ரெஜிஸ்டர் தபாலில் நேராக ஆபீசுக்கு அனுப்பு.

பட்டியல் 31-ஆம் தேதி முடிந்தாலும் ஆட்சேபணைக்கு இன்னும் இருபது நாள் தருகிறார்கள்; செப்டம்பர் 20-ஆம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

மலர்கொடி