டயர் தேயாத ஸ்டாண்டு

வெள்ளிக்கிழமை இரவு. மழை.

நெஞ்சில் ஆபரேஷன் முடிந்த என் மூத்த மகன் வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்க வேண்டுமாம். "தம்பிக்க சைக்கிளு சும்மாத்தானே நிக்குது. ஸ்டாண்டு மட்டும் வாங்கினா போதும்" என்று பாறசாலைக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனான்.

கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்றில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், பின்சக்கரம் உருளைமேல் ஓடும். மற்றதில் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும்.

"முதல்ல உள்ளது போதும்" என்றான் மூத்தவன்.

"அதுல டயரு தேயுமா மக்கா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"தேயும் அம்மச்சி. புதுசு மாத்தலாம்."

"அப்ப வேண்டாம். கழத்துறத எடும்."

"எதுக்கும்மா?" என்றான் மூத்தவன்.

இளையவன் கடைசியாக ஓட்டிய டயர் அது. ஸ்டேஷனுக்கு பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்ற மூத்தவன் அன்று தூங்கிவிட்டான். இளையவன் தாமதமாக சைக்கிளில் போய், அதை ஸ்டேஷனில் வைத்துவிட்டு கடைசி நேரத்தில் ரயிலேறினான். நெரிசலில் வாசலிலிருந்து விழுந்தான். அன்றைக்கு இவன் எந்தப் போர்வையைப் போர்த்தியிருந்தான் என்றுகூட எனக்கு ஞாபகம் உண்டு.

மறுநாள் சாயங்காலம் சக்கரத்தைக் கழற்றும்போது இவன் அழுதான். பிறகு பத்து நிமிடம் மிதித்தான். மூச்சு வாங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றேன். இவனும் போய்விட்டால் நான் யாரைக் கோபித்துக்கொண்டு இருப்பேன்?