பயிற்சிக்குப் போன டீச்சர்

பாகூர்,
ஜனவரி 22

அன்புள்ள ஆரோக்கியசெல்விக்கு,

மஞ்சுளா எழுதுவது. காரைக்காலில் நீயும் பிள்ளைகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் வாட்ஸ்அப்பைத் திறந்தால் போதும், பயிற்சிக் குழுவில் யாராவது பார்த்துவிடுகிறார்கள். "மேடம், ஆன்லைன்லதான இருக்கீங்க, பாஸ்வேர்டு மறந்துபோச்சு மேடம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். காகிதத்தில் எழுதினால் யாருக்கும் தெரியாது.

நீ மாற்றலாகிப் போன பிறகு நம் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நானும் தலைமையாசிரியர் சம்மந்தம் சாரும்தான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஸ்மார்ட் போர்டு மட்டும் போட்டார்கள்.

ஆயுத பூஜைக்கு சார் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கண்ணாடியில் வைத்தால் கறை படியும் என்று ரொம்ப யோசித்து, சுற்றியிருக்கும் சட்டத்தின் உள்பக்கம் நாலு மூலையிலும் வைத்தார். நாம் தொடுவதைக் கண்டுபிடிக்கிற சமாச்சாரமே அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. மறுநாளிலிருந்து எங்கே தொட்டாலும் கோடு ஓடி ஓடி மூலையில் போய் நின்றது. சர்வீஸ் ஆள் வந்து என்னென்னவோ அழுத்திப் பார்த்துவிட்டு, போர்டையே கழற்றி அனுப்பணும் என்று சொல்லிவிட்டுப் போனான். நான் ஈரத்துணி எடுத்துத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது, போர்டு வேலை செய்தது. நடந்தது இவ்வளவுதான்.

சார் சும்மா இருந்தாரா? தலைமையாசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, "கம்பெனிக்காரனாலயே முடியாதத எங்க மஞ்சுளா மேடம் ஒரு நிமிஷத்துல சரி பண்ணிட்டாங்க" என்று பெருமை அடித்துவிட்டார். சந்தனம் வைத்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அடுத்த வாரமே உத்தரவு வந்தது. டிஜிட்டல் வகுப்பறைப் பயிற்சிக்கு நான்தான் கருத்தாளராம். மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து வில்லியனூர், திருக்கனூர் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குகிறேன். 'பிள்ளைகளின் கவனத்தைத் தக்கவைப்பது எப்படி' என்று ஸ்லைடு போட்டு மணிக்கணக்காகப் பேசுகிறேன். அந்த நேரத்தில் என் பிள்ளைகள் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சம்மந்தம் சார் அலுவலகத்துக்கு ரிப்போர்ட் அனுப்புவாரா, அதுகளை அடக்குவாரா? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை ஆரோக்கியம்.

தென்றலை உனக்கு ஞாபகம் இருக்கும். மீன் விற்கும் செல்வகுமாரியின் சின்ன மகள், ஒன்றாம் வகுப்பில் உன் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள். இப்போது நாலாம் வகுப்பு. அவள் அக்கா எழுத்துக் கூட்டத் தெரியாமலே ஆறாம் வகுப்புக்குப் போனாள். அங்கே எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொன்ன வெட்கத்தில் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டாள். இப்போது அம்மாவோடு மீன் கூடை தூக்குகிறாள். சின்னவளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். தீபாவளி சமயத்தில் கூட்டிக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஒரு வாரம் பயிற்சிக்குப் போய் வந்தால் பழையபடி விழிக்கிறாள்.

போன வாரம் செல்வகுமாரி மார்க்கெட்டில் என்னை நிறுத்திக் கேட்டுவிட்டாள். "இன்னா டீச்சர், நீங்க எம் புள்ளைக்கு டீச்சரா, டீச்சருங்களுக்கு டீச்சரா? பெரியவ மாரி இவளும் வூட்டோட குந்திக்கினா நான் இன்னா பண்றது?"

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் கருத்தாளர்களுக்கு ஆன்லைனில் ஒரு தேர்வு வைக்கிறார்கள். தேறினால்தான் தொடர்ந்து கருத்தாளர். நான் ஃபெயிலாகப் போகிறேன். வீட்டுக்காரர் சுகுமாரிடம் சொன்னேன். "உனக்கு இன்னா பைத்தியமா, ஊர் சிரிக்கும்" என்றார். சிரித்துவிட்டுப் போகட்டும். நீ ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது நான் ஃபெயிலாக வேண்டும் என்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

அன்புடன்,
மஞ்சுளா


பாகூர்,
பிப்ரவரி 16

அன்புள்ள ஆரோக்கியத்துக்கு,

உன் மெழுகுவர்த்தி வேலை செய்தது. ஃபெயில். தெரிந்த விடையைத் தெரியாத மாதிரி விடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. கை தானாகச் சரியான இடத்துக்கே போகிறது. இழுத்து இழுத்துப் பிடித்துத் தப்பாகப் போட்டேன். திரையில் சிவப்பாக வந்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சம்மந்தம் சார்தான் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து நின்றார்.

அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை வரைக்கும்தான். தேறாதவர்கள் மறுபடியும் முழுப் பயிற்சியில் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. தேறினவர்கள் பயிற்சி நடத்தப் போக வேண்டும், தேறாதவர்கள் பயிற்சி எடுத்துக்கொள்ளப் போக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு என்ன மார்க் வாங்க வேண்டும் என்று யாரைக் கேட்பது?

கொடுமையைக் கேள். அங்கே பாடம் நடத்துவது நவீன்குமார், திருக்கனூரில் என்னிடம் பயிற்சி எடுத்த பையன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மேடம், நீங்க எப்படி இங்க?" என்று திணறினான். நான் செய்த ஸ்லைடுகளையே போட்டு எனக்கு விளக்கினான். பாவம், நன்றாகத்தான் நடத்தினான். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தென்றல் இந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று சார் சொன்னார். நேற்று சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போனேன். அக்காவும் தங்கையும் சேர்ந்து ஐஸ் உடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன்டி வரவில்லை என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே, "நீங்க இல்லன்னா எழுத்துல்லாம் கலஞ்சிப்போவுது டீச்சர்" என்றாள். செல்வகுமாரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கும் வேல இருக்குதில்ல, விடுங்க" என்றாள். அவள் மனசு விட்டுப்போய்விட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

தென்றலுக்கு இனி ஐந்தாம் வகுப்பு ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு வருஷத்தில் படிக்கப் பழகிவிட்டால் தப்பித்துவிடுவாள். எனக்கு இந்தப் பயிற்சி முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று. என்னை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

சொந்த ஊருக்குத் திரும்பிவர விண்ணப்பிக்க வேண்டும் என்று பொங்கலுக்குச் சொன்னாயே, உடனே செய். நம் பள்ளிக்கூடத்தையே கேள். கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்று சொல். ப்ரொஜெக்டரைக் கண்ணால் பார்த்ததில்லை என்று சொல். அங்கே நீ பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுகிற விஷயத்தை ஒருத்தரிடமும் மூச்சு விடாதே. யாராவது பாராட்டினால் கூச்சப்படாமல் மறுத்துவிடு. உனக்கு ஒன்றும் தெரியாது என்று ஊரே நம்ப வேண்டும்.

முடியாது என்று மட்டும் எழுதிவிடாதே ஆரோக்கியம். கிளம்பும்போது தென்றலின் ஈரக் கையைப் பிடித்து, ஆரோக்கியம் டீச்சர் வருவார், வந்தால் எங்கேயும் போகமாட்டார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

உன் வரவை நம்பியிருக்கும்,
மஞ்சுளா