இடது துடுப்பு

அன்புள்ள உங்களுக்கு,

கப்பலில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நடுக்கடலில் போன் எடுக்காது என்பதால் கம்பெனி தபாலில் அனுப்புகிறேன். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடுமாம்.

உங்கள் அம்மா இப்போது தடியைப் பிடித்து நடக்கிறார். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறார். ஸ்ட்ரோக் வந்த இடது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் வந்து, ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறாள். அவள் படியிறங்கியதும் பந்து சோபாவுக்கு அடியில் போய்விடும். நான் எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் அங்கேதான்.

நானும் அத்தையும் பேசிக்கொள்கிறோமா என்று கேட்டிருந்தீர்கள். பேசுகிறோம். அவர் சுவரோடு பேசுகிறார், நான் பாத்திரத்தோடு பேசுகிறேன். "யாராவது ஜன்னலைச் சாத்தினா நல்லா இருக்கும்" என்பார். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. "சாத்தியாச்சு" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை 'நீ' என்றும் கூப்பிட்டதில்லை, 'வாம்மா' என்றும் கூப்பிட்டதில்லை. தனி வீட்டில் அவர் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரே கூடத்தில் இருக்கும்போது தெரிகிறது.

கண்ணாடிக் கடையில் பொழுதுக்கும் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, எதிரும் புதிருமாக எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? அதனால்தான் டீவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்த உங்கள் கேம் பெட்டியைத் துடைத்து எடுத்தேன். சிரிக்காதீர்கள்.

முதலில் உங்களுடைய வாள்சண்டை. வாசலில் நின்ற முதல் எலும்புக்கூடே என்னை வெட்டிப் போட்டது. எழுந்தேன், மறுபடி வெட்டியது. லீவில் வந்தபோது சாப்பாட்டை மறந்து இதையா ஆடிக்கொண்டிருந்தீர்கள்? இதற்கு எங்கள் கடை மேனேஜர் எவ்வளவோ பரவாயில்லை. அடுத்து தோட்டம் போடும் கேம். பாட்டு இனிமை, பூசணிக்காய் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் எழுந்ததும் தண்ணீர் ஊற்று, மாட்டைக் கவனி, வேலியைச் சரிபண்ணு என்று உயிரை வாங்குகிறது. ஒரு வேலையிலிருந்து வந்து இன்னொரு வேலையா என்று விட்டுவிட்டேன். மேலிருந்து கட்டைகள் விழுமே, அதுதான் எனக்கு ஒத்துவந்தது. ஃபிரேமுக்குள் லென்ஸ் 'டக்'கென்று உட்காரும்போது வருகிற அதே சுகம். நான் ஆடும்போது பின்னாலிருந்து சுவருக்குச் சேதி போகும்: "இடது ஓரத்துல ஓட்டை இருக்கறது யார் கண்ணுக்கும் தெரியல போல." எனக்குத் தெரியும். அவர் சொன்னதாலேயே அங்கே போடாமல் விட்டேன்.

முதியோர் விடுதி விஷயம். அத்தை பிடிவாதமாக இருந்ததால் போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம், நர்ஸ் இருக்கிறார், ஒரு அறை காலியாகிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "யாருக்கும் பாரமா இருக்க எனக்குப் பிடிக்காது" என்று அத்தை சுவரிடம் சொல்லிவிட்டார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போங்கள் என்றும் வரவில்லை. முடிந்தால் ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்கள் வந்து ஒரு முடிவு சொன்னால் தேவலை.

பத்திரமாக இருங்கள்.

உங்கள் மனைவி

*

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் அடுத்ததை எழுதுகிறேன். நல்ல சேதிதான். நல்ல சேதி என்றதும் வேறு எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள், கேம் பற்றியது.

நான் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பிசியோதெரபிப் பெண் வந்தாள். பந்து எங்கே என்று கேட்டாள். அத்தை ஜன்னலைப் பார்த்தார். அவள் இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து அத்தையின் இடது கையில் வைத்து, மேல் பட்டனில் ஆள்காட்டி விரலைப் பதிய வைத்தாள். "பந்தை அமுக்கினா ஒண்ணும் நடக்காது. இதை அமுக்கினா ஏதாவது நடக்கும். ரெண்டு பேர் ஆடுற மாதிரி ஏதாவது இருந்தா போடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

தேடியதில் ஒரு படகு கேம் கிடைத்தது. ஒரு படகு, இரண்டு துடுப்பு. இடது துடுப்பு ஒருவருக்கு, வலது இன்னொருவருக்கு. ஆறு தொடங்குகிற மலையிலிருந்து கடல்வரை போக வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். தண்ணீரை என்னமாய் வரைந்திருக்கிறார்கள் தெரியுமா, கையை விட்டு அளையலாம் போலிருக்கிறது. முனையில் ஒரு வாத்து உட்கார்ந்து வருகிறது. ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லை. படகு உடைந்தால் மட்டும் கத்தும். அத்தைக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை.

முதல் நாள் சுற்றினோம், சுற்றினோம், சுற்றிக்கொண்டே இருந்தோம். ஒருவழியாகப் படகு நேரானபோது எதிரே பாறை. "யாராவது வலது பக்கம் துடுப்பு போட்டா நல்லா இருக்கும்" என்றார் அத்தை. வாக்கியம் முடிவதற்குள் படகு சுக்குநூறு. வாத்து கத்தியது. மறுபடி தொடங்கினோம். அதே பாறை, அதே 'யாராவது', அதே வாத்து. அடுத்த முறை பாறை வந்தபோது அத்தை வாயைத் திறந்தார், மூடினார், பிறகு "போடு. நீ போடு" என்றார்.

போட்டேன். பாறையை உரசிக்கொண்டு தாண்டிவிட்டோம். அன்றைக்குப் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

இப்போது தினமும் நான் கடையிலிருந்து வரும்போது கூடத்தில் இரண்டு நாற்காலியும் டீவியைப் பார்த்துத் தயாராக இருக்கும். ஒரு நாள் கீழ் வீட்டு டியூஷன் வாத்தியார் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். "இத்தனை நாளா உங்க வீட்டுல ஆள் இருக்கற சத்தமே கேக்காது. இன்னைக்கு என்னடான்னா 'நிறுத்து நிறுத்து, முட்டப் போறே'ன்னு ஒரே கூச்சல். பயந்துட்டேன்" என்றார். அத்தை திரும்பாமலே, "பாறைதான் சார், நீங்க போய்ப் பாடம் எடுங்க" என்றார்.

நேற்று எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. உனக்குக் கை இருக்கிறதா இல்லையா என்று அத்தை கேட்டார். நிறுத்தச் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா இல்லையா என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, யாரிடம் பேசுகிறேன் என்று. கூரை இடிந்து விழப்போகிறது என்று காத்திருந்தேன். "சரி, முதல்லேர்ந்து போடு" என்றார்.

கடலுக்கு முந்தைய கடைசி லெவலில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். விடுதிக்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதைப் பற்றி வீட்டில் இருவரும் பேச்சே எடுப்பதில்லை.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மனைவி

*

அன்புள்ள உங்களுக்கு,

முடித்துவிட்டோம். கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். கடையில் சொன்னேன், கீழ் வீட்டில் சொன்னேன், உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கடைசி லெவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் தண்ணீர் கொதித்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு அலைக்கும் துடுப்பைப் பிடித்துக் காத்திருந்து, இருவரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். இம்மி பிசகினால் கவிழும். நான் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிப் பார்த்தேன். அத்தையின் விரல் அவர் நினைத்த பிறகு கொஞ்சம் தாமதித்துத்தான் அசையும். என் எண்ணிக்கைக்கு அது எப்போதும் பிந்தியது. அதைச் சொல்லிக்காட்ட எனக்கு மனசில்லை. உடைத்துக்கொண்டே இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகூடக் கழுவாமல் உட்கார்ந்தோம். "நீ எண்ணாதே. நான் சொல்றப்போ போடு" என்றார் அத்தை. வேலை பார்த்த காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுத்தவர் இல்லையா, அந்தக் குரலை எடுத்தார். நான் அதைக் கேட்டதே இல்லை. "லைன்ல இருங்க… லைன்ல இருங்க… பேசுங்க." 'பேசுங்க' என்றதும் இருவரும் இழுக்க வேண்டும். வாய் திறப்பதற்கு முன்பே விரலுக்கு உத்தரவு கொடுத்துவிடுவார், அதனால் சொல்லும் விரலும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நான் குரலுக்குப் பின்னால் போனேன், அவ்வளவுதான். அலை வந்தது, லைன்ல இருங்க. இன்னொன்று வந்தது, லைன்ல இருங்க. பேசுங்க. மலை இரண்டு பக்கமும் விலகியது. திரை முழுக்கக் கடல். வாத்து எழுந்து பறந்து போயிற்று. "ஒழிஞ்சுது" என்றார் அத்தை.

நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். கீழேயிருந்து வாத்தியார் "தாண்டிட்டீங்களா?" என்று கத்தினார். அத்தை கையை நீட்டினார். நான் பிடித்தேன். இறுக்கினார். நன்றாகவே வலித்தது. அப்புறம்தான் இருவரும் குனிந்து பார்த்தோம், அது இடது கை. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விடவில்லை. நானும் எடுக்கவில்லை.

பிசியோதெரபிப் பெண் வந்து தன் விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். "போதும்மா, விடுங்க, உடைஞ்சிடும்" என்றாள். பந்து நன்றாக வேலை செய்திருக்கிறதே என்று அவள் குறும்பாகச் சொன்னதற்கு, "ஆமா, நல்ல பந்து" என்றார் அத்தை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

அன்று சாயங்காலமே விடுதியிலிருந்து போன் வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, என்ன சொல்லட்டும் அத்தை என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அங்க டீவி எல்லாருக்கும் பொதுன்னு சொன்னியே. கேம் போட விடுவாங்களான்னு கேளு" என்றார். கேட்டேன். அதெல்லாம் முடியாது என்றார்கள். "அப்போ சரிப்படாதுன்னு சொல்லிடு." சொன்னேன். பாதியில் என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜலதோஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மிளகு தட்டிப் பாலில் போட்டு அவரே கொண்டுவந்து கொடுத்தார், தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

ஆகவே நீங்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடி வர வேண்டாம். நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "வேலையை ஒழுங்கா முடிச்சிட்டு வரட்டும்னு எழுது. இங்க ஒண்ணும் கவலை இல்லை, நாங்க ரெண்டு பேர் இருக்கோம்னு எழுது" என்கிறார். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறார், அதற்குள் என் பங்குக்கும் சொல்லிவிடுகிறேன். வேலையை முடியுங்கள். முடிந்த பிறகு ஒரு நாள்கூட அங்கே தங்காதீர்கள். கடல் உங்களை அலைக்கழிக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும்போது இன்னொரு கன்ட்ரோலர் வாங்கி வாருங்கள், மூன்று பேர் ஆடும் கேம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும் அம்மாவும்