படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவருக்கு

786

வாகட், புனே
4-1-2026

மேலப்பாளையத்தில் இருக்கும் கொழுந்தனார் ஷேக் முகைதீன் அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மனைவி ரஹ்மத்துன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவச் சொன்னேனே, தடவினீர்களா?

நீங்கள் போனில் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். போனில் சொன்னால் இந்த வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்பார்கள். தமிழில் எழுதிவிட்டால் என் மகள் ஃபஹ்மிதா எழுத்துக்கூட்டி முதல் வரியைத் தாண்டுவதற்குள் நான் கவரை ஒட்டிவிடுவேன். அவள் மகள் புஷ்ராவுக்கு அதுவும் தெரியாது. நான் அஞ்சு வகுப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

இந்த வருஷமும் டிசம்பர் கடைசியில் பான்ஷேத் ஏரிக்குப் போனோம். நீங்கள் ஆரம்பித்து வைத்த பழக்கம், முப்பத்தாறு வருஷமாக விடாமல் நடக்கிறது. அதே மாதிரி வழியில் கடக்வாஸ்லாவில் இறங்கிச் சுட்ட சோளம் தின்றோம். மூன்று நாளும் நெய்ச்சோறு நான்தான் ஆக்கினேன். குளிர் மட்டும் இந்தத் தடவை அதிகம். தண்ணீருக்குள் காலை வைத்தால் எலும்பு வரைக்கும் ஏறியது.

உங்கள் பேரன் சாகிபுக்கு வாட்டர் ஸ்கீ கற்றுக்கொடுத்தது புஷ்ராதான். காலில் பலகையை மாட்டிக்கொண்டு கயிற்றுப் பிடியோடு தண்ணீரில் குந்தியிருந்தான். படகு கிளம்பியதும் அவசரப்பட்டுக் கையை மடக்கி இழுத்தான், முகம் குப்புற விழுந்தான். மறுபடி விழுந்தான். புஷ்ரா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "கையை நீட்டுடா, முழங்காலை மடக்கு. ரிக்ஷாவுக்கு நிக்கிற மாதிரி நிக்காத" என்று கத்தினாள். பதினோராவது தடவை எழுந்து நின்றான். அக்கரை வரைக்கும் போய்த் திரும்பினான். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் எனக்குக்கூட மனசு இளகியது. பிறகு புஷ்ரா ஒற்றைப் பலகையில் போனாள். சாகிப் அதை வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பினான்.

அன்று மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நீங்கள் போன் பண்ணினீர்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், முறையும் சரியாக வருகிறது, நம் பிள்ளை நம் வீட்டுக்கே வரட்டும் என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மாஷா அல்லாஹ், தண்ணி மேல அந்தப் பிள்ளை நிக்கிற தைரியத்தப் பாத்தீயளா மயினி" என்றும் சொன்னீர்கள். வீடியோவைக் குடும்ப குரூப்பிலும் போட்டீர்கள்.

தம்பி, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

1999 டிசம்பரில் இதே ஏரியில் என் மகள் ஃபஹ்மிதா நின்றாள். பத்தொன்பது வயது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். நாலு தடவை விழுந்து ஐந்தாவது தடவை நின்றாள். சாகிபின் வாப்பா, உங்கள் மகன் நஜிமுதீன், மூன்று வருஷமாக விழுந்துகொண்டிருந்தான். உங்கள் அண்ணன், "நஜீமுக்குப் பலகை வேண்டாம், பாய் விரிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். கரையில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் அண்ணன் சொன்னது தப்பு. வளர்ந்த பிள்ளையை அப்படிச் சொல்லக் கூடாது. அதை நான் அன்றைக்கே அவரிடம் சொன்னேன்.

மூன்றாவது வாரம் மேலப்பாளையத்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து கவர் வந்தது. ஃபஹ்மிதாவுக்கு நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த இடம். இப்படி நனைந்து நிற்கிற பிள்ளை எங்கள் வீட்டுக்குச் சரிப்படாது என்று எழுதி, உள்ளே ஒரு போட்டோவும் வைத்திருந்தார்கள். உங்கள் அண்ணன் கடிதத்தைக் கிழித்தார். போட்டோவை அடுக்களையில் வீசினார். பதினொரு மாதம் பெற்ற மகளோடு பேசவில்லை. அதற்கு முன், இனிமேல் தண்ணீரில் இறங்கினால் என்னை வாப்பா என்று கூப்பிடாதே என்றார். கவரில் என்ன வந்தது என்று அவளுக்குச் சொல்லவும் இல்லை. அவளும் கேட்கவில்லை.

போட்டோவை நான் எடுத்து வைத்தேன். கோபம் தணிந்த பிறகு ஒருநாள் நிதானமாகப் பார்த்தேன். கரையிலிருந்து எடுத்திருந்தால் பிள்ளை கடுகு மாதிரித் தெரிந்திருப்பாள். இதில் நேருக்கு நேர் முகம். பல் தெரியச் சிரிக்கிறாள். கையிலிருந்து கயிறு நேராகப் படம் எடுத்தவரை நோக்கி வருகிறது. படகு ஓட்டியவர் முன்னால் பார்த்து ஓட்டினார். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, விழுந்தால் அவருக்குச் சொல்கிற வேலை உங்களுடையது. துபாய் கேமரா உங்கள் கழுத்தில் கிடந்தது. சித்தப்பாவைப் பார்த்துத்தான் அவள் சிரித்திருக்கிறாள்.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். ஹடப்சரில் நீங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய கடை ஒன்று, அதில் சாப்பிடுகிற குடும்பம் இரண்டு. அண்ணன் தம்பியைப் பிரித்தவள் என்ற பேர் எனக்கு வேண்டாம் என்று இருந்தேன். அவரும் 2009-ல் போய்விட்டார், மகளைத் தப்பாக நினைத்தபடியே. அதுதான் தம்பி எனக்கு ஆறவில்லை. அல்லாஹ் அவளுக்கு நல்ல மாப்பிள்ளையைக் கொடுத்தான். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். இருபத்தாறு வருஷமாக அவள் ஒவ்வொரு டிசம்பரும் கரையில் துண்டை வைத்துக்கொண்டு நிற்கிறாள். தான் ராசியில்லாதவள் என்றும் வாப்பாவுக்கு அதனால்தான் தன்னைப் பிடிக்காமல் போயிற்று என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புஷ்ராவிடம் கேட்டேன், அவளுக்குச் சம்மதம். ஃபஹ்மிதா, "உம்மா, நீங்க சரின்னா எனக்கும் சரி" என்றாள். ஆக, என் வாயில்தான் இருக்கிறது. சாகிப் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ரமலான் பிறை பார்ப்பதற்கு முன் புனேக்கு வாருங்கள். தனியாக வாருங்கள். நஜிமுதீனையோ ஊர்ப் பெரியவர்களையோ கூட்டிக்கொண்டு வர வேண்டாம். ஃபஹ்மிதா எதிரில் உட்கார்ந்து, அந்தப் படத்தை எடுத்தது யார், யாருக்கு அனுப்பினார், ஏன் அனுப்பினார் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் அடுக்களையில் இருப்பேன். உங்களுக்கு ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்க மாட்டேன், குறுக்கேயும் வரமாட்டேன். கேட்டுவிட்டு அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் இந்த வீட்டின் பதில். அவள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அதை நான் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை.

நீங்கள் வரவில்லை என்றால் சாகிபிடம் இல்லை என்று மட்டும் சொல்வேன். காரணம் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை காரணம் கேட்டு உங்களிடம்தான் வருவான். என் மகளிடம் சொல்வது லேசா பேரனிடம் சொல்வது லேசா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள், உங்கள் காலுக்கு மேலே ஏற முடியாது. மாத்திரையை மறக்க வேண்டாம். ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகத்தான் துஆ கேட்கிறேன். அல்லாஹ் உங்கள் உடம்புக்குப் பலத்தைக் கொடுத்து, ஆயுளை நீட்டித்து, என் மகள் முன்னால் உட்காரும்போது உங்கள் நாவின் முடிச்சை அவிழ்த்து வைப்பானாக.

ஆமீன்.

ரஹ்மத்துன்னிசா