தையலுக்கு விட்ட அரை அங்குலம்

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், உன் வண்டி இதுவரை இல்லாத அளவுக்குச் சுகம். அங்கே நீயும் உன்னை விடாத அந்த இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? தாள் ஏன் இவ்வளவு பெரிதாக, மடித்து மடித்து வந்திருக்கிறது என்று யோசிக்காதே, கடைசியில் சொல்கிறேன். இரண்டு நாளாக எனக்குத் தலைகால் புரியவில்லை, எழுத உட்கார்ந்தால் சிரிப்பு முந்திக்கொள்கிறது.

உன் மோட்டார் சைக்கிள் என்ஜினில் இரண்டு பக்கமும் ஆயில் கசிவது உனக்கே தெரியும். நீ போனபோது ஒன்றிரண்டு சொட்டு, போன மாதம் வாசலில் கறுப்பாக ஒரு குட்டையே தேங்கிவிட்டது. அப்பா அதில் வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பித்தார். அன்றைக்கே தீர்ப்பும் சொல்லிவிட்டார், ஓட்டறவ ஊர்ல இல்ல, இது ஒழுகிக்கிட்டு நிக்குது, கொடுத்துடலாம் என்று. தன்னோடு காலையில் நடக்க வருகிற வங்கிக்காரரிடம் பேசியும் வைத்தார், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவரும் சொல்லிவிட்டார். வெறும் இரும்புதானே அம்மா என்று நீ சொல்வாய். வண்டியும் போய்விட்டால் நீ இந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி பெட்டியோடு வந்து பெட்டியோடு போய்விடுவாய் என்று எனக்குப் பயம், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஒழுகறதுதானே குத்தம், ஒழுகலேன்னா என்ன பண்ணுவீங்க என்று கேட்டேன். ஒழுகலேன்னா நிக்கட்டும் என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முனைக்கடை மெக்கானிக் படியில் விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் போய் விசாரித்தேன். என்ஜினுக்கும் அதன் பக்கத்து மூடிக்கும் நடுவில் கேஸ்கட் என்று ஒரு தாள் இருக்கிறதாம், அது காய்ந்து கிழிந்தால் ஆயில் கசியுமாம், மாற்றினால் சரியாகிவிடுமாம். வலப்பக்கத்துக்கு அவரிடமே இருந்தது, இடப்பக்கத்துக்கு வரப் பத்து நாளாகும் என்றார். தாள்தானே, நானே வெட்டிக்கொள்கிறேன் என்றேன். முப்பது வருஷமாக ஊருக்கே வெட்டித் தைக்கிற கை இல்லையா. மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெரிய கேஸ்கட் தாள் ஒன்றும் தன் ஸ்பேனர் பையையும் எடுத்துக் கொடுத்தார். போல்ட்டை எதிரும் புதிருமா கொஞ்சங்கொஞ்சமா இறுக்குங்கக்கா, பலத்தைக் காட்டினா மரை போயிரும் என்று நான் தெருத் திரும்புகிற வரை கத்திக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலையில் தையல் மெஷினை மூடிவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். பழைய பேசினில் ஆயிலை வடித்தேன். போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், ஆகவே ஒரு அட்டையில் மூடியை வரைந்து எது எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தார், அரை மணி நேரமாக ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. வலப்பக்கம் சமத்தாக முடிந்தது. இடப்பக்க மூடியைக் கழற்றி, கேஸ்கட் தாள்மேல் கவிழ்த்து, தையல் சாக்பீஸால் ஓரம் வரைந்து, துளைகளுக்குப் பெல்ட்டில் ஓட்டை போடுகிற கருவியால் அடித்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிற மாதிரி சரசரவென்று வெட்டினேன். எடுத்து வைத்துப் பார்த்தால் என்ஜினைச் சுற்றிலும் பாவாடை மாதிரி தாள் தொங்குகிறது. பழக்கதோஷம், தையலுக்கு என்று சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறேன். நான் திருட்டு முழி முழித்தேன். அப்பா எப்போது திரும்பினாரோ தெரியாது, வண்டி என்ன வளர்ற புள்ளையா, அடுத்த வருஷம் பிரிச்சுவிட என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நீ போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லையடி. உன் பள்ளிக்கூடப் பாவாடையை வருஷா வருஷம் பிரித்துவிட்டதை நினைத்து நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதும் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. நான் சாக்பீஸ் கோட்டின்மேல் மறுபடி வெட்ட அவர் தாளைப் பிடித்துக்கொண்டார். மூடி விளிம்பில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைக் கீறல் விழாமல் சுரண்டினது முழுக்க அவர்தான். அந்த மூடியை உள்ளே இருக்கிற காந்தம் இழுக்கும் என்று மெக்கானிக் சொல்ல மறந்துவிட்டார், திரும்ப வைக்கும்போது படக்கென்று போய் ஒட்டி அப்பாவின் விரலைக் கவ்விவிட்டது, அதற்கும் சிரிப்பு. போல்ட்டை எதிரும் புதிருமாக இறுக்கி, புது ஆயில் ஊற்றினோம். அப்பாதான் உதைத்தார், மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, துணிக்கு அளவு வரைகிற என் வெள்ளைத் தாளை அடியில் விரித்தேன். மறுநாள் காலை வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வங்கிக்காரர் நான் தைத்துக் கொடுத்த வெள்ளைப் பேன்ட்டிலேயே வந்தார், அதோடே தரையில் மண்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்த்தார். எழுந்தபோது வாயெல்லாம் பல். ஒழுகும்னு சொன்னீங்க, இது புதுசு மாதிரி இருக்கே, இப்பவே எடுத்துக்கறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒழுகாத வண்டியை எவன் வேண்டாம் என்பான், இது என் புத்திக்கு எட்டவே இல்லை பார். அப்பாவைப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒழுகுதேன்னுதான் கொடுக்கறதா இருந்தேன், இப்பதான் ஒழுகலையே, எதுக்குக் கொடுக்கணும், எங்க பொண்ணு வந்து ஓட்டுவா என்றார். வங்கிக்காரர் டீயைக் குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார், பாவம்.

இருமலுக்கு வெந்நீர் குடி, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வயசு சந்தோஷமாக இரு. வரும்போது ஹெல்மெட்டை மறக்காமல் கொண்டுவா. நீ படிக்கிற இந்தத் தாள்தான் வண்டிக்கு அடியில் கிடந்த தாள், வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார், என்ஜின் சொட்டினது ஒன்றுகூட இருக்காது. ஓரத்தில் தெரிகிற அந்த ஒரு கறை அப்பாவின் கட்டைவிரல், ஆறு தடவை வந்து தடவிப் பார்த்தார்.

உன் அம்மா
(பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே, அப்பாவும்)