இரண்டு வேர்நுனிகள்

5-1-70, திங்கள்

செல்வியின் ஸ்லைடை இன்று வகுப்பே வரிசையில் நின்று பார்த்தது. வெங்காய வேர்நுனி. குரோமோசோம்கள் நடுவில் அணிவகுப்பது, இரு பக்கமும் இழுபடுவது, ஒரு செல் இரண்டாகி இடையில் சுவர் எழுவது — எல்லாமே இருக்கிறது. என்னுடையதில் ஒன்றுமில்லை. "வைதேஹி, உன் செல்லெல்லாம் தூங்குதேம்மா" என்றார் பேராசிரியை. எல்லாரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். நாற்று நடுகிற வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கை எப்படி வந்தது?

28-ஆம் தேதி யார் ஸ்லைடு நன்றாக இருக்கிறதோ, அவளுக்குத்தான் ஜூனில் இதே ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. இல்லையென்றால் எனக்கு ஆனியில் கல்யாணம். அப்பா சொல்லிவிட்டார்.

8-1-70

ரயிலில் அவளையே கேட்டேன். "காலைல ஏழு மணிக்கு வேர வெட்டி மருந்துல போட்டுடுவேன். அந்நேரம்தான் செல்லு நல்லா பிரியுது" என்றாள். எங்கள் வீட்டு வாசற்படியை வெங்காயம் தாண்டியதில்லை. என்னுடையது கல்லூரி ஜன்னலில் இருக்கிறது. நான் போய்ச் சேரவே பத்தரை. "உன்னுதயும் எங்கூட்ல வெச்சி வெட்டிக்கினு வரட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் தயவில் ஜெயிப்பதா?

20-1-70

வெங்காயத்தைத் திருட்டுத்தனமாக வீட்டுக்கே கொண்டுவந்து கிணற்றடிக்குப் பின்னால் ஊறுகாய் ஜாடி மறைவில் வைத்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டாள். "பெருமாளுக்குத் தளிகை பண்றவர் ஆத்துலயாடி இதைக் கொண்டு வந்து வெச்சே!" வீடு முழுக்கக் கழுவினோம். கோயில் மடைப்பள்ளியிலிருந்து வந்த அப்பா மறுபடி குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். வெங்காயம் தெருவுக்குப் போயிற்று.

செல்வி வீட்டில் மடி ஏது, ஆசாரம் ஏது! வயிறு எரிகிறது.

27-1-70

நாளைக்கு அவள்தான். தெரிந்த விஷயம்.

28-1-70

எழுதத்தான் வேண்டும்.

செவ்வாப்பேட்டையில் ஏறியவள் கூட்டத்தில் நின்றபடி வழக்கம்போல் தன் பையை என் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு குப்பி. மருந்தில் மிதந்த சீட்டில் பென்சிலால் 'செல்வி'. கை தானாகப் போயிற்று — இல்லை, தானாக இல்லை. நான்தான் ஜன்னல் வழியே எறிந்தேன்.

ஆய்வகத்தில் பையைக் கவிழ்த்துத் தேடினாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து இன்னொரு குப்பியை எடுத்தாள். உள்ளே சீட்டில் என் பெயர். "நீ வேணாம்னுதான் சொன்ன. கெடக்கட்டும்னு ரெண்டு வேரு உனுக்கும் வெட்டி வெச்சேன். என்னுத எங்கயோ வுட்டுட்டேன் போல" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். இரண்டில் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவள் கேட்கவுமில்லை. முதல் வேர் நசுங்கிக் கூழாகிவிட்டது. இரண்டாவதில் எல்லாம் தெரிந்தது. பேராசிரியை என் தோளைத் தட்டினார். செல்வி முதல் ஆளாக வந்து பார்த்தாள். "ஷோக்கா கீதுடி" என்றாள்.

29-1-70

சொல்லவில்லை.

18-6-70

வேலையில் சேர்ந்து ஒரு வாரம். சாயங்கால ரயிலில் நிற்க இடமில்லை. "டீச்சரம்மா!" என்று இருக்கையிலிருந்து ஒரு குரல். செல்வி. கல்யாணப் புடவை எடுக்க அம்மாவோடு சென்னைக்கு வந்தாளாம். மாப்பிள்ளை சோழவரத்தில் பயிர் வைக்கிறாராம். "உனுக்கு வேல கெடச்சதுல எங்க அம்மாவுக்குக்கூட சந்தோசம். நின்னுக்கினு இருக்கியே, பைய குடு" என்றாள்.

கொடுத்தேன். செவ்வாப்பேட்டை வரைக்கும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். இறங்கும்போது அப்படியே என் கையில் தந்தாள்.