தமிழில் கத்திவிட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு, ஹம்சினியின் நமஸ்காரம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் சௌக்கியம்.

நேற்று எங்கள் ஜியாலஜி துறையில் ஒரே சண்டை. பூமியை மனிதன் இவ்வளவு மாற்றிவிட்டதால், இந்தக் காலத்துக்கு 'மனித யுகம்' என்று பெயர் வைக்கலாமா என்று விவாதம். எல்லாரும் வேண்டாம் என்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்து, "குப்பையைப் போட்டது நாம, பேரு மட்டும் வேண்டாமா?" என்று எழுந்து கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த வங்காளி சீனியர் மிதாதி, "இது என்ன பாஷை?" என்று கேட்ட பிறகுதான் தமிழில் கத்தியிருக்கிறேன் என்று புரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

நான் தங்கியிருக்கும் பெஹாலாவில் நல்ல மிளகாய்ப்பொடி கிடைக்கவில்லை, கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் போடாமல் போன் செய்யுங்கள். விசேஷம் ஒன்றும் வேண்டாம். நீங்கள் பாட்டுக்குப் பேசுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது.

உங்கள்
ஹம்சினி